கொண்டை ஊசிக் கீறல்

பூந்தமல்லி,
3 ஜனவரி 1946

திரு. வரதன் அவர்களுக்கு,

இரண்டு வருஷமாக "வரதண்ணே" என்று எழுதிப் பழகிய கை இது. இனி அப்படி எழுதாது.

ஆம்ப்ளிபையர் பெட்டியைக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பினீர்கள். தர முடியாது என்று அப்பா சொல்லி அனுப்பினார். நானும் அதையே எழுத்தில் சொல்லிவிடுகிறேன். வால்வும் ஸ்பீக்கரும் கம்பியும் நீங்கள் பூட்டியவை, மறுக்கவில்லை. ஆனால் பலகை எங்கள் வீட்டு பீரோ. செத்துப்போன என் அம்மாவின் புடவைகள் இருந்த பீரோ. என் ஹவாயன் கிட்டார் ஹாலின் கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டும், அதற்கு நல்ல தேக்குப் பெட்டி வேண்டும் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் அப்பா அதை உடைக்கக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆவடி சங்க ஹாலில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. வாசிப்பது என் வேலை, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குமிழ்களைத் திருகுவது உங்கள் வேலை. இரண்டாவது பாட்டில் பெட்டி ஊளையிட்டது. நான் கம்பியிலிருந்து கையை எடுத்த பிறகும் ஊளை நிற்கவில்லை. முந்நூறு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். நீங்கள் குமிழைத் திருகி அதை அடக்கினீர்கள். அதோடு விட்டிருக்கலாம். மைக்கை எடுத்து, "இன்னா பண்றது, பொம்பளைக் கை, நடுங்குது. கொஞ்சம் பொறுத்துக்கினு கேளுங்க" என்றீர்கள். ஹாலே சிரித்தது.

மறுநாள் சங்கத்துக் கோஷ்டியில் கிட்டார் வாசிக்க என் இடத்துக்கு ராயப்பன் வந்துவிட்டார். இங்கே பள்ளிக்கூடத்தில் நான் சாக்கட்டியை எடுத்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையை ஆட்டிக் காட்டுகின்றன. எப்படித்தான் பூந்தமல்லி வரை வந்ததோ அந்தப் பேச்சு.

மன்னிப்புக் கடிதம் எனக்கு வேண்டாம். அன்று நான் நின்ற அதே மேடையில், அதே ஜனங்களுக்கு முன்னால் நீங்கள் நிற்க வேண்டும். அதே சிரிப்பை நீங்கள் கேட்க வேண்டும். அதுவரை பெட்டி இந்த வீட்டு வாசலைத் தாண்டாது.

செலின் பிரகாசம்

*

பட்டாபிராம்,
7 ஜனவரி 1946

தங்கச்சி செலினுக்கு வரதன் எழுதிக்கொண்டது.

ஒரு வார்த்தை தமாஷாகச் சொன்னதற்கு இவ்வளவு பெரிய ஒப்பாரியா? மேடை ஏறினால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். அதற்குத்தான் பெண்பிள்ளைகளுக்கு இந்த வேலை வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பெட்டியை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய்? உங்கள் வீட்டில் கரண்டே கிடையாது. இருந்தாலும், அதிலுள்ள மூன்று குமிழ்களில் ஒன்றிலாவது ஓர் எண் போட்டிருக்கிறேனா, பார். ஒரு புள்ளிகூடக் கிடையாது. அளவெல்லாம் என் காதில் இருக்கிறது. என் கை படாத வரைக்கும் அது பீரோதான். திரும்பவும் புடவை வைத்துக்கொள்.

கோபம் ஆறினதும் சொல்லி அனுப்பு. வண்டி கொண்டுவருகிறேன்.

வரதன்

*

பூந்தமல்லி,
12 ஜனவரி 1946

திரு. வரதன் அவர்களுக்கு,

கார்டில் எழுதினீர்கள். தபால்காரர் துலுக்கானம் அதைத் தெருமுனையிலேயே படித்துவிட்டு வந்து, "இன்னாம்மா, பீரோவுல பொடவை வெக்கச் சொல்லிக் கீறாரே" என்று அப்பாவை வைத்துக்கொண்டே கேட்டார். அப்பா உள்ளே போய்விட்டார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. இதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இனி எழுதுவதானால் கவரில் எழுதுங்கள். கோபம் ஆறும் என்று காத்திருக்காதீர்கள்.

செலின்

*

பட்டாபிராம்,
2 பிப்ரவரி 1946

செலினுக்கு,

கார்டு விஷயம் தவறுதான். உன் அப்பாவை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன்.

பட்டாளத்து டிப்போவில் பகலெல்லாம் ரேடியோக்களைப் பிரித்துப் பூட்டுகிறேன். நாலு மாதம் ஒவ்வொரு திருகாணியாகத் தேடித் தேடி அந்தப் பெட்டியைக் கட்டினேன். கிட்டாரிலிருந்து வருகிற சத்தம் கொசு அளவு. கிட்டாரை முதலில் மாட்டுகிற சின்னப் பெட்டியிலிருக்கிற ஒற்றை வால்வு அதைப் பூனை அளவாக்கும். அப்புறம்தான் பெரிய பெட்டி அதை யானையாக்கும். இதை நான் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு, ஷாக் வாங்கிக்கொண்டு நானே கண்டுபிடித்தது. அதை நீ ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கிறாய். வயிறு எரிகிறது.

சங்கத்தில் இப்போது ராயப்பன் வாசிக்கிறான். பெட்டி இல்லாமல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை.

வரதன்

*

பூந்தமல்லி,
20 மார்ச் 1946

திரு. வரதன் அவர்களுக்கு,

பெட்டி மூலையில் இல்லை. நசரத்பேட்டையில் கன்னியப்பன் ரைஸ் மில் இருக்கிறதே, அங்கே இருக்கிறது. கரண்டில் ஓடுகிற மில். அவர் மனைவி தாட்சாயிணியின் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அப்பாவும் நானும் அங்கே போய்விடுகிறோம். மெஷின் ஓடாத நாள். நெல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாசிக்கிறேன், நானே குமிழ் திருகுகிறேன். ஏழு ஞாயிறு ஆகிவிட்டது.

முதல் இரண்டு வாரம் ஊளைதான். தாட்சாயிணி, "அக்கா, அது இன்னா, பன்னி அறுக்கிற மாதிரி கீது" என்றாள். மூன்றாம் வாரம் ஒரு விஷயம் பிடிபட்டது. ஐந்தாம் வாரம் இன்னொன்று. என்னவென்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். போன ஞாயிறு நான் வாசித்து முடித்தபோது தாட்சாயிணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அதை எடுக்கவே இல்லை.

என் கை நடுங்கவில்லை, வரதன். ஒரு நாளும் நடுங்கினதில்லை. உங்களுக்கும் அது தெரியும். தெரிந்தே சொன்னீர்கள் என்று நினைக்கும்போதுதான் எனக்குத் தூக்கம் போகிறது.

செலின்

*

பட்டாபிராம்,
2 ஏப்ரல் 1946

செலினுக்கு,

மில்லில் மூட்டைக்கு வாசிப்பதும் மேடையில் மனிதர்களுக்கு வாசிப்பதும் ஒன்றல்ல. ஏழு ஞாயிற்றில் வந்துவிடுகிற வித்தை என்றால் ஊரில் ஆளுக்கொரு ஆம்ப்ளிபையர் வைத்திருப்பார்கள். சரி, உன் பெருமை உனக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்பத்தூர் ஜம்புலிங்கத்தை உனக்குத் தெரியும், சங்கக் காரியதரிசி. அவர் மகள் வசந்தாவை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடக்கிறது. அவருக்கு நான் டிப்போவில் வேலை பார்ப்பது பெரிதில்லை. "நம்ம ஹாலுக்கு நீதாம்பா எல்லாம்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ள வேண்டும், அதுதான் பெரிது. ஏப்ரல் 27 சனிக்கிழமை ராயப்பனின் கச்சேரி. பெண் வீட்டார் மொத்தமும் முன்வரிசையில். அன்று பெட்டி பேசினால் வைகாசியில் கல்யாணம்.

ஒரு நாளைக்கு மட்டும் பெட்டியைக் கொடு. மறுநாளே திருப்பி அனுப்புகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

வரதன்

*

பூந்தமல்லி,
22 ஏப்ரல் 1946

திரு. வரதன் அவர்களுக்கு,

நேற்று ஈஸ்டர். பூசையில் நெடுநேரம் முழங்காலில் இருந்து யோசித்தேன். பெட்டியை இந்த வண்டியில் அனுப்புகிறேன். அதோடு நான் கண்டுபிடித்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சின்னப் பெட்டியைப் பெரிய பெட்டியின் தலைமேல் வைக்காதீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டும் கைக்கு எட்ட வேண்டும் என்று நீங்கள் எப்போதும் அப்படித்தான் வைப்பீர்கள். பெரிய பெட்டி அதிர்ந்தால் மேலே இருக்கிற வால்வும் அதிர்கிறது, அந்த அதிர்வே திரும்பப் பெரிய பெட்டிக்குள் போய்ச் சத்தமாகிறது. ஊளை வருவது அதனால்தான். கம்பளியை நாலாக மடித்துத் தனி ஸ்டூலில் போட்டு அதன்மேல் வையுங்கள்.

பெரிய பெட்டி தரையில் இருக்கக் கூடாது. உட்கார்ந்து வாசிக்கிறவரின் காது உயரத்துக்குப் பக்கவாட்டில் தூக்கி வையுங்கள். தரையில் இருந்தால் சத்தம் அவர் முழங்காலைத் தாண்டி ஓடிவிடும். அவருக்கு மந்தமாகக் கேட்கும், "இன்னும் கூர்மை ஏத்து" என்பார். முன்வரிசைக்காரர் காதில் ஊசி குத்தும்.

குமிழ்களில் என் கொண்டை ஊசியால் கீறி வைத்திருக்கிறேன். ஒற்றைக் கீறல் காலி ஹாலுக்கு. இரட்டைக் கீறல் நிறைந்த ஹாலுக்கு. சின்னப் பெட்டியின் குமிழ் பாதிகூட வராது. பயப்படாதீர்கள், அதைக் குறைத்துப் பெரியதை ஏற்றினால்தான் கம்பியின் நாதம் சுத்தமாக வரும்.

அவ்வளவுதான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஜனவரியில் நான் எழுதிய முதல் கடிதத்தில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செலின்

*

பட்டாபிராம்,
29 ஏப்ரல் 1946

அடி பாதகி,

உனக்கு இப்போது மனசு குளிர்ந்ததா?

உன் கடிதத்தைப் பத்து தரம் படித்தேன். என்னை அதே மேடையில் நிறுத்தி ஜனங்களைச் சிரிக்க வைப்பேன் என்று சபதம் போட்டவள் குமிழில் கீறி அனுப்பினால் எந்த மடையன் நம்புவான்? ஸ்டூலில் தனியாக வைத்தால் ஒயர் நீளும், ஒயர் நீண்டால் இரைச்சல் வரும். இது எனக்குத் தெரியாதா? அதில்தான் நீ கண்ணி வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். நீ குறை என்று கீறினதை ஏற்றினேன், ஏற்று என்று கீறினதைக் குறைத்தேன். சின்னதைப் பெரியதன் தலையிலேயே வைத்தேன். சாயங்காலம் காலி ஹாலில் வாசித்துப் பார்த்தோம், தேனாக இருந்தது. ஜனம் வந்து உட்கார்ந்ததும் சத்தம் அமுங்கிவிட்டது. ஏற்றினேன். ஊளையிட்டது. இன்னும் திருகினேன், இன்னும் ஊளையிட்டது.

பின்பெஞ்சிலிருந்து எவனோ எழுந்து, "இன்னா நைனா, இப்ப யார் கை நடுங்குது?" என்றான். ராயப்பனே சிரித்துவிட்டான். வசந்தா சிரித்ததை நான் பார்த்தேன்.

நீ ஏன் வந்தாய்? உன்னை யார் கூப்பிட்டார்கள்? கடைசி வரிசையிலிருந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்து வந்தாயே. கொண்டுவந்திருந்த கம்பளியை உன் அப்பாவிடமிருந்து வாங்கி ஸ்டூலில் விரித்து, சின்னப் பெட்டியை அதன்மேல் இறக்கி வைத்தாயே. மூன்று குமிழையும் உன் கீறலுக்குத் திருப்பிவிட்டு, "ராயப்பண்ணே, இப்ப வாசிங்க" என்றாயே. அந்தப் பெட்டி இரண்டு வருஷமாக என்னிடம் அப்படி ஒரு நாளும் பேசினதில்லை.

கச்சேரி முடிந்ததும் உன் அப்பா பெட்டியை வண்டியில் ஏற்றினார். யாரும் தடுக்கவில்லை. ஜம்புலிங்கமே ஒரு கை பிடித்தார். என்னிடம், "கல்யாணப் பேச்சை அப்பறம் பாத்துக்கலாம்ப்பா" என்று மட்டும் சொன்னார்.

நீ திட்டம் போட்டுக் கெடுத்தாய்.

வரதன்

*

பூந்தமல்லி,
3 மே 1946

திரு. வரதன் அவர்களுக்கு,

ஆமாம், திட்டம் போட்டேன். ஆனால் 22ஆம் தேதிக் கடிதத்தை எடுத்து வைத்துப் படியுங்கள். அதில் ஒரு பொய் இருந்தால் காட்டுங்கள்.

நான் உண்மையை எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எதிரி எழுதினாள் என்பதற்காக மட்டுமில்லை. ஒரு பெண் குமிழைத் தொட்டுக் கண்டுபிடித்தாள் என்பதை உங்கள் காது ஒத்துக்கொள்ளாது. அதைத்தான் பந்தயமாக வைத்தேன். நம்பியிருந்தால் கச்சேரி நன்றாக நடந்திருக்கும், உங்களுக்குக் கல்யாணமும் நடந்திருக்கும், நான் தோற்றிருப்பேன். அந்தக் கடைசி வரிசையில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தபோது உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை இவர் நம்பிவிட்டால் என்று.

கீறல் இரண்டு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மில் கிடங்கில் அறுவடை முடிந்து மூட்டை கூரை வரை அடுக்கியிருந்தபோது ஓர் அளவு சரியாக இருந்தது. பாதி நெல்லை அரைத்து அனுப்பிய பிறகு அதே அளவு காதைக் கிழித்தது. மூட்டை சத்தத்தைக் குடிக்கிறது. மனிதர்களும் அப்படித்தான் குடிப்பார்கள் என்று நினைத்தேன். நீங்களோ எப்போதும் காலி ஹாலில் உட்கார்ந்து அளவு பார்ப்பவர். ஜனம் வந்ததும் அளவு போய்விடும், பயத்தில் ஏற்றுவீர்கள். டிசம்பரிலும் அதைத்தான் செய்தீர்கள்.

சனிக்கிழமை ஜனங்கள் சிரித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவர்கள் உங்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். என் கை நடுங்கவில்லை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அன்று சொன்ன அதே மைக்கில் சொல்ல வேண்டும்.

செலின்

*

பட்டாபிராம்,
13 மே 1946

செலினுக்கு,

பத்து நாள் யோசித்தேன். உன்னைத் திட்டி எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துவிட்டேன்.

டிசம்பரில் பெட்டி ஊளையிட்டதும் குற்றம் என் பக்கம் என்று எனக்கு அப்போதே தெரியும். எதனால் என்று தெரியாது, என் பக்கம் என்று தெரியும். முன்வரிசையில் ஜம்புலிங்கம் இருந்தார். அவர் முகம் கோணுவதைப் பார்த்தேன். வாய் தானாக அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டது. சிரித்தார்கள். சிரித்ததும் தப்பித்தோம் என்று இருந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு கிட்டாரை உறைக்குள் போட்டதையும் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். போன சனிக்கிழமை சங்கத்தில் ஒரு கூட்டம். இரவல் மைக் செட் போட்டிருந்தேன். கூட்டம் கலைந்து, பெஞ்சுகளை அடுக்கின பிறகு மேடையில் ஏறி, அதே இடத்தில் நின்று, "அன்னிக்கு செலின் கை நடுங்கல, தப்பு என்னோடது" என்று மைக்கில் சொன்னேன். வாட்ச்மேன் மணவாளன் சாட்சி. வேண்டுமானால் அவனைக் கேட்டுப் பார்.

இதோடு முடித்துக்கொள்வோம்.

வரதன்

*

பூந்தமல்லி,
16 மே 1946

திரு. வரதன் அவர்களுக்கு,

மணவாளனைக் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் சொன்னதை நம்புகிறேன். உங்களைப் போல் நான் எதிரி எழுதினால் நம்பாதவள் இல்லை.

ஆனால் மறுபடியும் காலி ஹாலில் அளவு பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அது நிறைந்த ஹாலுக்கு ஆகாது என்று ஏற்கெனவே எழுதினேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டும், தெருவில் என்னைக் கண்டால் என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் இன்னும் கையை ஆட்டுகிறார்கள். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செலின்

*

பட்டாபிராம்,
24 மே 1946

தங்கச்சி செலினுக்கு,

ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி. சங்க ஆண்டு விழா. உட்கார இடமிருக்காது. ஜம்புலிங்கமும் அவர் வீட்டாரும் வருகிறார்கள். நீ வாசிக்க வேண்டும். ராயப்பனே கோஷ்டியில் சொல்லிவிட்டான், "அது அந்தப் பொண்ணோட எடம், நா குந்த மாட்டேன்" என்று.

நீ வாசிக்கத் தொடங்குவதற்கு முன் நான் பேசுகிறேன். மணவாளனுக்கு இல்லை, எல்லாருக்கும்.

அதற்குப் பிறகு வசந்தா எனக்கு இல்லை என்றால் இல்லைதான். பெட்டியைக் கொண்டுவா.

வரதன்

*

பூந்தமல்லி,
27 மே 1946

திரு. வரதன் அவர்களுக்கு,

இதைத் தெரிந்தேதான் கார்டில் எழுதுகிறேன். துலுக்கானம் முதலில் படிக்கட்டும், அப்புறம் பட்டாபிராம் தபால்காரரும் படிக்கட்டும்.

பெட்டி வரும். அப்பாவும் தாட்சாயிணியும் வருகிறார்கள். அந்த இரண்டு பையன்களையும் அவர்கள் வீட்டில் சொல்லி அழைத்து வருகிறேன். நான் வாசிப்பேன்.

உங்கள் மைக்கும் என் பெட்டியில்தான் மாட்டியிருக்கும். குமிழ் பக்கம் நீங்கள் வர வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். டிசம்பரில் பெட்டி தரையில் ஜனங்களைப் பார்த்து இருந்தது. நீங்கள் சொன்னது அவர்களுக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது. உங்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்த பிறகு குமிழ்களை இரட்டைக் கீறலில் வைப்பேன். பெட்டியை நீங்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், உங்கள் காது உயரத்துக்குத் தூக்கி வைப்பேன். நிதானமாகப் பேசுங்கள். ஒவ்வொரு வார்த்தையும் உங்களுக்கும் கேட்கும்.

செலின் பிரகாசம்